படத்தைப் படிக்கவா, ரிப்போர்ட்டைப் படிக்கவா? தோட்டப்புற டாக்டருக்கு ஏற்ற இதய சி.டி. பயிற்சி

சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்கிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு தம்பி இரண்டு வருடமாகக் கிளினிக் நடத்துகிறார். போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு, கடைசி நோயாளியின் அட்டையை நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தார். "அண்ணே, இந்த வருஷம் இதய சி.டி. கத்துக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல ஒரு தொடர் இருக்கு. கே.எல்.ல ரெண்டு நாள் பட்டறை இருக்கு. வெளிநாட்டுல லெவல் 2 கோர்ஸும் இருக்கு. கொஞ்சம் காசு சேர்த்து வெச்சிருக்கேன். எதுக்குப் போகட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். பீடோரிலும் தாப்பாவிலும் கிளினிக் வைத்திருக்கும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும்.

டாக்டர் தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழை (ஏ.பி.சி.) புதுப்பிக்க ஆண்டுக்கு 20 தொடர்கல்விப் புள்ளி (சி.பி.டி.) வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றம் கேட்கிறது. அந்த இருபதை எப்படியும் சேர்த்துவிடலாம். புள்ளி மட்டும்தான் நோக்கம் என்றால் பக்கத்தில் எது நடக்கிறதோ அதற்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். தம்பி கேட்டது அதையல்ல. தன்னிடம் வரும் நெஞ்சுவலிக்காரருக்குப் பயன்படும்படி எதைப் படிப்பது என்று கேட்டார்.

நம்மிடம் வருபவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரஸர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அப்புறம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பால்மரம் வெட்டியவர் இப்போது பள்ளிக்கூட வாசலில் காவலாளி. மகன் செம்பனைக் குலை வெட்டுகிறார், அல்லது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இனிப்புநீர் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியதும் நெஞ்சு அடைக்கிறது என்று வருகிறார்கள். சி.டி. ஸ்கேனர் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கிறது. ஸ்கேன் எடுப்பவர் நானல்ல, அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவரும் நானல்ல. யாரை அனுப்புவது, எப்படித் தயார்செய்து அனுப்புவது, ரிப்போர்ட்டோடு திரும்பி வருபவருக்கு என்ன சொல்வது, இந்த மூன்றும்தான் என் வேலை.

இந்த மூன்றாவதில் நான் தவறியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேற்பார்ப்பவர், வந்தார். வயது 43. புகைப்பவர். மேட்டில் ஏறும்போது நெஞ்சை யாரோ கையால் அழுத்துவது போல இருக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்றார். அதற்கு முன்பே மைத்துனர் சொல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் 'இதயப் பரிசோதனை பேக்கேஜ்' எடுத்திருந்தார். பளபளப்பான உறையில் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். கால்சியம் ஸ்கோர்: 0. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. கேஸ்ட்ரிக்காக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து ஈப்போவில் அவசரப் பிரிவில் படுத்திருந்தார். இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு, முழுக்க மென்மையான கொழுப்புப் படிவு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போனது இதுதான். கால்சியம் ஸ்கோர் என்பது, ரத்தக் குழாயைப் பளிச்சென்று காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் ஸ்கேன். 1990-ல் அகாட்ஸ்டன் குழுவினர் வகுத்த கணக்குப்படி, 130 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேல் அடர்த்தி உள்ள இடத்தை மட்டும் எண்ணுகிறது. சுண்ணாம்பு ஏறிக் கெட்டியான படிவுதான் அதில் தெரியும். மென்மையான படிவு அந்தக் கணக்குக்குள் வராது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்குப் பூஜ்யம் நல்ல செய்தி. மேடேறினால் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்கிற இளவயதுக்காரருக்கு அது விடுதலைப் பத்திரம் ஆகாது. அவருக்குக் காண்ட்ராஸ்ட் ஏற்றிக் குழாயின் உட்பக்கத்தையே காட்டும் சி.டி. ஆஞ்சியோ கேட்டிருக்க வேண்டும், அல்லது நேரே கார்டியாலஜிஸ்ட்டிடம் அனுப்பியிருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைத்தான் நான் அதற்கு முன் எங்கும் செலவழித்திருக்கவில்லை.

ஆகவே எந்தப் பயிற்சியை எடைபோட்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இதைப் படித்திருந்தால் அந்த மண்டோர் என்னிடமிருந்து கேஸ்ட்ரிக் மாத்திரையோடு போயிருப்பாரா?

ஆன்லைன் தொடர்

போயிருக்க மாட்டார். இவ்வளவு மலிவான ஒன்று அதற்குப் போதுமாக இருந்திருக்கும் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஒரு நல்ல ஆன்லைன் தொடர், ரிப்போர்ட்டைப் படிக்கத் தேவையானதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். உதாரணத்துக்கு கேட்-ராட்ஸ். இதயக் குழாய் அடைப்பைத் தரம் பிரிக்க 2016-ல் வந்து, 2022-ல் 2.0 என்று திருத்தப்பட்ட அளவு இது. 0 என்றால் படிவும் இல்லை, அடைப்பும் இல்லை. 1 என்றால் 25 விழுக்காட்டுக்குக் கீழ். 2 என்றால் 25 முதல் 49. 3 என்றால் 50 முதல் 69. 4ஏ என்றால் 70 முதல் 99. இடப்பக்க மூலக் குழாயில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மூன்று குழாயிலும் 70 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் 4பி. 5 என்றால் ஒரு குழாயாவது முழுக்க அடைந்துவிட்டது. 2.0-ல் பி1 முதல் பி4 வரை படிவின் மொத்த அளவையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். ரிப்போர்ட்டின் அடியில் இந்த எழுத்தும் எண்ணும் ஒரு வரியில் இருக்கும். அது தெரியாதவர் மேலே உள்ள இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, 'லேசான அடைப்பு' என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார்.

2 என்று வந்தால் நோயாளியின் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும், "அடைப்பு இருக்காம்" என்று. அந்த இடத்தில் நம்மைப் போன்ற கிளினிக் டாக்டருக்குத்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்-ஹார்ட் ஆய்வில் 4,146 பேரைச் சேர்த்தார்கள். 2018-ல் வந்த ஐந்தாண்டு முடிவில், வழக்கமான பரிசோதனையோடு சி.டி.யும் எடுத்த குழுவில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்த்து 2.3 விழுக்காடு. சி.டி. எடுக்காத குழுவில் 3.9. ஸ்டென்ட் வைத்ததால் வந்த வித்தியாசம் என்று இதைச் சொல்ல முடியாது. படத்தில் படிவைப் பார்த்ததும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் போன்ற தடுப்பு மருந்தை அதிகம் பேருக்குத் தொடங்கினார்கள் என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். ஸ்டேட்டின் எழுதுவது யார்? நாம்தான். கேட்-ராட்ஸ் 2 என்பது ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்கிற ரிப்போர்ட். அதை நோயாளிக்கு நம்பிக்கையாகச் சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

குறை ஒன்று உண்டு. கிளினிக் சாத்தி, சாப்பிட்டு, பத்து மணிக்கு உட்கார்ந்தால் மூன்றாவது ஸ்லைடிலேயே கண் சொக்கும். வீடியோ ஓடுகிறது, சான்றிதழும் வந்துவிடுகிறது, மனதில் ஒன்றும் நிற்பதில்லை. அதனால் வெறும் சொற்பொழிவாக இருப்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டு, விடை சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத தொடராகப் பாருங்கள். அதிகாலையில் படிப்பது இன்னும் நல்லது.

இரண்டு நாள் பட்டறை

ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல் போக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பட்டறைக் கட்டணம் ஒன்றுதான் செலவு என்று நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமை நமக்குக் கூட்டமான நாள். கிளினிக்கைச் சாத்த வேண்டும், இல்லை நமக்குப் பதிலாக லோக்கம் டாக்டர் வைக்க வேண்டும். ஹோட்டல் வேறு. இத்தனையும் கூட்டிப் பார்த்து, இருந்தும் ஒருமுறை போனேன்.

கணினி முன் ஆளுக்கொரு இடம். திரையில் முதல் நோயாளி. வலப்பக்க ரத்தக் குழாயை மேலிருந்து கீழாக உருட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட, வெள்ளைப் புள்ளி ஒன்று நகர்ந்து வந்தது. நடுப்பகுதிக்கு வந்ததும் புள்ளி இரண்டாகப் பிரிந்து, வால் முளைத்து, கலைந்துவிட்டது. "அடைப்பு" என்றேன். பக்கத்தில் நின்ற ரேடியாலஜிஸ்ட் அம்மா திரையின் மூலையைக் காட்டினார். ஸ்கேன் எடுக்கும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 78. அந்தக் குழாய் ஒவ்வொரு துடிப்பிலும் வேகமாக ஆடும், துடிப்பு கூடினால் படம் கலங்கும். அங்கே அடைப்பு எதுவும் இல்லை. "யாரோ ஒரு டாக்டர் இவரைத் தயார்செய்யாமல் அனுப்பியிருக்கிறார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அந்த யாரோ ஒரு டாக்டராக நான் பலமுறை இருந்திருக்கிறேன்.

அடுத்தது கால்சியம் நிறைந்த குழாய். மழை இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு எப்படி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியுமோ, அப்படித்தான் கெட்டியான சுண்ணாம்பும் படத்தில் பரந்து பூத்து, குழாயை மறைத்துவிடும். படத்தின் வெளிச்ச வரம்பை, 'ஜன்னல் அளவு' என்பார்கள், அகலமாக்கினார். பூ கொஞ்சம் சுருங்கியது, 80 என்று நான் நினைத்த அடைப்பு 50-க்கு வந்தது. ரிப்போர்ட்டில் 'கால்சியத்தால் சரியாக மதிப்பிட முடியவில்லை' என்று எழுதியிருந்தால் இப்போது எரிச்சல் வருவதில்லை. எழுதியவர் திரையில் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளில் படம் வாசிக்கக் கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை. ஆனால் திரும்பி வந்த திங்கட்கிழமையிலிருந்து நான் நோயாளியை அனுப்பும் விதம் மாறிவிட்டது. துடிப்பு 60 பக்கம் இருக்க வேண்டும் என்பதால், துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் மாத்திரை கொடுக்கலாமா என்று ஸ்கேன் எடுக்கும் இடத்தாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்கிறேன். ஆஸ்துமா இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும், இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாரா என்பதையும் கடிதத்தில் சேர்க்கிறேன். மூச்சை இழுத்துப் பத்து வினாடி அசையாமல் பிடித்திருக்க கிளினிக்கிலேயே பழக்கிவிடுகிறேன். மூச்சு விட்டுவிட்டால் படம் படிக்கட்டு போல உடைந்துபோகும்.

இன்னொன்றும் கேட்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு: "தொங்காட் அலி காப்பி குடிக்கிறீங்களா?" ஸ்கேனுக்குச் சற்று முன் குழாய் விரிய நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில், தடாலாஃபில் வகை மாத்திரை உடம்பில் இருக்கும்போது அதைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பதில்லை. ஆனால் பாக்கெட்டில் விற்கும் சில 'ஆண்மைக் காப்பி'களில் இந்த மருந்துகளே கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடிப்பவருக்கே அது தெரியாது. நான் பார்த்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி இல்லை. நம் ஊரில் கேட்டே ஆக வேண்டும்.

இவ்வளவையும் பட்டறை எனக்குத் தந்தது. ஆனாலும் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்கேனர் கம்பெனியோ மென்பொருள் கம்பெனியோ செலவை ஏற்று நடத்தும் பட்டறையில், அவர்கள் பொத்தானை அழுத்தத்தான் அதிக நேரம் போகும். யார் காசு போடுகிறார்கள், ஒருவருக்கு ஒரு கணினி உண்டா, மொத்தம் எத்தனை நோயாளிகளின் படத்தைப் பார்க்க வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஐந்து பேருக்கு ஒரு கணினி என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

லெவல் 2

கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. தம்பியின் கண்ணும் அதன்மேல்தான் இருக்கிறது என்று அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

2005-ல் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் அமெரிக்க இதயச் சங்கமும் இதய சி.டி. வாசிப்பவர்களுக்குத் தகுதி வரையறை ஒன்றை வெளியிட்டன. அதில் லெவல் 1-க்கு ஒரு மாதம், 50 படங்கள். லெவல் 2-க்கு இரண்டு மாதம், 150 படங்கள், அவற்றில் 50-க்கு ஸ்கேன் நடக்கும்போதே அங்கே இருக்க வேண்டும். லெவல் 3-க்கு ஆறு மாதம், 300 படங்கள் என்று அன்றைக்கு வைத்திருந்தார்கள். தனியாக ரிப்போர்ட் எழுத லெவல் 2 வேண்டும். அப்புறம் அமெரிக்காவில் இதய சி.டி.க்கென்றே ஒரு சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, ஐரோப்பிய இதயப் படமெடுப்புச் சங்கமும் தனியாக ஒரு தேர்வு நடத்துகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கூட்டுக் குழு ஒன்று பயிற்சியைச் சரிபார்த்து அங்கீகாரம் தருகிறது. எல்லாமே கார்டியாலஜிஸ்ட்டையும் ரேடியாலஜிஸ்ட்டையும் மனதில் வைத்து அமைத்தவை.

ஒரு வாரக் கோர்ஸில் சேமித்து வைத்த பழைய படங்களை நூற்றுக்கணக்கில் பார்க்க வைப்பார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் ஸ்கேன் அறையில் நின்று பார்க்க வேண்டியவை எங்கிருந்து வரும்? அதற்கு ஸ்கேனர் உள்ள மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். அப்படியே எப்படியாவது முடித்துவிட்டாலும், திரும்பி வந்து சுங்கை சிப்புட்டில் இருமலும் காய்ச்சலும் பார்த்தால் ஆறு மாதத்தில் கண் மறந்துவிடும். இது கைப்பழக்கம், வாரா வாரம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். ஆகவே தம்பி, உங்களுக்கு லெவல் 2 வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் என் நண்பர் மகள் இதயவியல் மேற்படிப்பில் இருக்கிறார். அவருக்கு இதே லெவல் 2 கட்டாயம் வேண்டும், சீக்கிரமே வேண்டும். நெஞ்சுவலிக்கு எந்தப் பரிசோதனை முதலில் என்பதே இப்போது மாறிவிட்டது. பிரிட்டனில் 2016-லேயே சி.டி.யை முதல் பரிசோதனை ஆக்கினார்கள். 2021-ல் அமெரிக்க வழிகாட்டி அதற்கு உயர்ந்த தரப் பரிந்துரை கொடுத்தது. ஐரோப்பிய வழிகாட்டியும் 2024-ல், நோய்க்கான வாய்ப்பு குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கு சி.டி.யைப் பரிந்துரைக்கிறது. படம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் தேவைப்படுவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன்: ஒரு வாரக் கோர்ஸை மட்டும் நம்பாதே, தினமும் சி.டி. நடக்கும் இடத்தில் மாதக்கணக்கில் உட்கார இடம் பிடி.

மாநாடு

தேசிய இதயச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் போன்றவை. ஆட்களைச் சந்திக்கலாம், புள்ளியும் வரும். சி.டி. கற்றுக்கொள்ள அது இடமல்ல.

யாரும் விற்காத ஒன்று

தம்பியின் பட்டியலில் இல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மாதம் ஒருமுறை ஈப்போவுக்குப் போய், நாம் அனுப்பிய நோயாளியின் படத்தை ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட்டோடு சேர்ந்து பார்ப்பது. மூன்று நான்கு நோயாளி போதும், ஒரு மணி நேரம். 'இவருக்கு இன்ன காரணத்துக்காக ஸ்கேன் கேட்டேன்' என்று நாம் சொல்ல, 'இதை வேறு விதமாகக் கேட்டிருக்கலாம், இவருக்கு இது தேவையே இல்லை' என்று அவர் சொல்வார். அவருக்கும் லாபம் உண்டு. தான் கேட்-ராட்ஸ் 3 என்று எழுதிய நோயாளி அப்புறம் என்ன ஆனார் என்று ரேடியாலஜிஸ்ட்டுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த நோயாளியை மாதா மாதம் பார்ப்பது நாம்தான்.

ஆன்லைன் தொடரில் வருபவர் முன்பின் தெரியாத ஒரு நோயாளி. இங்கே நம் முருகையா, நம் லெட்சுமி அக்கா. மறக்க முடியாது. நோயாளியிடம் அனுமதி வாங்க வேண்டும், பெயரை மறைக்க வேண்டும். மருத்துவமனை வழியாக முறைப்படி பதிவு செய்து நடத்தினால் புள்ளிக்கும் வழி இருக்கும். இதில் சிரமம் ஒன்றே ஒன்று: கேட்க வேண்டும். நமக்குக் கூச்சம். ஸ்பெஷலிஸ்ட் என்ன நினைப்பாரோ என்று பயம். நான் கேட்ட முதல் ஆள் நேரமில்லை என்றார். இரண்டாவது ஆள் புதன்கிழமை மதியம் வாங்க என்றார்.

என்றாலும் இதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க முடியாது. அடிப்படை தெரியாமல் போய் உட்கார்ந்தால் அவர் நேரமும் வீண், நம் நேரமும் வீண்.

ஆகத் தம்பிக்கு நான் சொல்லப்போவது இவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் ஆன்லைன் தொடர், கேள்வி கேட்டு விடை வாங்கும் வகையில் ஒன்று. அப்புறம் ஈப்போ புதன்கிழமை. அங்கே நாலைந்து முறை உட்கார்ந்து, என்னென்ன புரியவில்லை என்று தெரிந்த பிறகு கே.எல். பட்டறை. நான் பட்டறையை முதலில் வைத்தேன், அதனால் அங்கே சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. லெவல் 2-க்கு வைத்திருக்கும் காசில் கிளினிக்கின் பழைய ஈ.சி.ஜி. இயந்திரத்தை மாற்றட்டும். அதில் வரும் கோடு நடுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) யாராவது இதைப் படித்தால், எந்த நேரமும் வேறு ஊருக்கு மாற்றலாகக் கூடிய உங்களுக்கு இப்போதைக்கு ஆன்லைன் தொடரே போதும். எங்கே போனாலும் கூட வரும்.

அடுத்த புதன்கிழமை தம்பியையும் அழைத்துப் போகிறேன். நேற்று மண்டோருக்குப் போன் போட்டு, அந்தப் பழைய ஸ்கேன் டிஸ்க் இருக்கிறதா, எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். சாயங்காலம் மோட்டாரில் கொண்டுவந்து கொடுத்தார், அதே பளபளப்பான உறையில். "இதுலதான் ஒண்ணுமில்லைன்னு போட்டிருந்தாங்களே ஐயா" என்றார். அதைத்தான் அந்தத் தம்பிக்குக் காட்டப் போகிறேன் என்றேன்.